வல்லூற்றின் இறக்கையில் போட்ட முடிச்சு

அம்புறோஸ் சந்தேகப்படத் தொடங்கினால் கோயில் மணிகூட ஒரு தரம் தயங்கித்தான் அடிக்கும் என்று பன்வில பக்கத்தில் சொல்வார்கள். மன்னார்ப் பேசாலையில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பாய்க்கப்பல் ஏறி எட்டு வருஷம் கயிறு இழுத்தார். ஒரு புயலில் கப்பல் மூழ்கிப் போயிற்று. அன்றிலிருந்து கடல் மேலேயே சந்தேகம் வந்து, கடல் கண்ணில் படாத ஊராகப் பார்த்து மலையேறினார். கண்டியில் கத்தரீனாவைக் கட்டினார், றீற்றாவைப் பெற்றார், பத்து வேலை பார்த்துப் பத்தையும் நம்பாமல் விட்டார். கடைசியில், 1931இல், பன்வில தோட்டமொன்றின் துரை பங்களாவில், வேட்டைக்குப் பழக்கும் வல்லூற்றைப் பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

வல்லூறு புதிதாய்ப் பிடித்த பறவை. ஆளைக் கண்டால் படபடவென்று அடித்துத் தன் இறகைத் தானே முறித்துக்கொள்ளும். அதனால் ஒரு பக்க இறக்கையை மெல்லிய தோல் வாரால் மடித்துக் கட்டிவைக்க வேண்டும். இன்றைக்கு இடது, நாளைக்கு வலது. மாற்றாவிட்டால் இறக்கை மரத்துப்போகும். அந்த வாருக்குப் ‘பிறெயில்’ என்று பெயர் என்றார் துரை.

அம்புறோஸுக்குத் திக்கென்றது. பாயைச் சுருக்கி மரத்தோடு சேர்க்கும் கயிற்றையும் வெள்ளைக்காரக் கப்பித்தான் அப்படித்தான் அழைப்பான். அதைச் சொன்னதும் துரை சிரித்தார்.

“இன்னும் பழசு இருக்கு, அம்புறோஸ். முன்னே பிரான்சு தேசத்தில் கால்சட்டை விழாம கட்டுற வாருக்கு அந்தப் பேர். பொறகு கப்பல். பறவை எல்லாத்துக்கும் பொறகு.”

இடுப்பில் பிறந்து, பாய்மரம் ஏறி, பறவையின் தோளில் வந்து குந்திய சொல்! மூன்று வீட்டில் சோறு தின்னும் ஆளை நம்பாதே என்பது அம்புறோஸின் கொள்கை. ஆனாலும் கை பழகிய வேலை. கடலில் போட்ட முடிச்சையே இங்கேயும் போட்டார். துரையும் திட்டமாகச் சொல்லிவிட்டார்: “ஒரு இறகு முறிஞ்சா நீ வேலையில் இல்ல. வீடும் இல்ல.”

வீடென்றால் வல்லூற்றுக் கொட்டகையோடு ஒட்டிய இரண்டு அறை. இரண்டுக்கும் ஒரே தகரக் கூரை. தலைப்பிரசவத்துக்கு வந்த றீற்றா அங்கேதான் படுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி பேச்சியம்மா வந்து ஆண்களை வெளியே துரத்தினாள். மத்தியானம் அம்புறோஸ் கொட்டகைக்குள் போனால், வார் கீழே கிடக்கிறது! வல்லூறு இரண்டு இறக்கையையும் விரித்து அடித்துக்கொண்டிருக்கிறது. காலில் இருந்த பித்தளை வளையம் மட்டும் கொக்கியில் அப்படியே மாட்டியிருந்தது. ஒரு பெரிய இறகு வளைந்துவிட்டிருந்தது. வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டார்.

பொழுது சாயுமுன் மறுபடியும் அவிழ்ந்து கிடந்தது.

யாராயிருக்கும்? அம்புறோஸின் மனம் நேரே குசினிக்குப் போயிற்று. சமையற்காரன் கிறகரி. தினமும் நல்ல இறைச்சியைப் பறவைக்கு அறுத்துக் கொடுக்க அவனுக்கு வயிறெரியும்.

“கிறகரி, நீ கொட்டகைப் பக்கம் வந்தனியோ?”

“நான் ஏன் அண்ணே வாறேன்? அது என்னைப் பாக்கிற பார்வையே சரியில்ல. உங்களைப் போலவே பாக்குது.”

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாய்ப் பேசுகிறவன் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும். புதன்கிழமை விடிந்ததும் அம்புறோஸ் கொட்டகைத் தரையில் அடுப்புச் சாம்பலைத் தூவி, இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தால் வார் கீழே. சாம்பலில் வெறுங்கால் தடம். இரண்டாம் விரலில் மெட்டி அழுந்திய குறி. கிறகரி மெட்டி போடுவதில்லை. ஆனால் அவன் இரவல் வாங்கிப் போடக்கூடிய ஆள் என்று அம்புறோஸ் முடிவு கட்டினார்.

அன்று நாலு மணிக்குத் துரை ஒரு விருந்தாளியோடு பறவை பார்க்க வருவதாகச் செய்தி. மூன்று மணிக்கு அம்புறோஸ் வார் கட்டிவிட்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினார்.

வந்தது கிறகரி இல்லை. முந்தானையைப் பறவையின் தலையில் போட்டு மூடியவள் கத்தரீனா. குனிந்து முடிச்சை அவிழ்த்தவள் பேச்சியம்மா.

“அடியேய்! நீங்களோ?”

பேச்சியம்மா பயப்படவில்லை. “வலி வந்த வீட்டுல முடிச்சு இருக்கக்கூடாதுண்ணே. கொடிக்கயிறு, துணிமூட்டை, பொண்ணோட சடை எல்லாம் அவுத்தாச்சு. பெட்டி பூட்டெல்லாம் தெறந்தாச்சு. இந்தக் கூரைக்குக் கீழ இது ஒண்ணுதான் கட்டிக் கெடக்கு.”

“கால் வளையத்தை ஏன் விட்டனீ?”

“அது கொக்கி. முடிச்சில்லையே.”

“நீங்க இறுக்க இறுக்க அங்க புள்ள நின்னுபோகுதுங்க!” என்று கத்தரீனா அழுதாள். “ரெண்டு நாளாச்சு.”

“பங்குச் சாமியார் கேட்டால் என்ன சொல்லுவார்?”

“சாமியார் எத்தினி புள்ளப்பேறு பாத்திருக்காரு?” என்றாள் பேச்சியம்மா.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா நம்புவீங்களா? நான் போட்ட தேத்தண்ணியையே மோந்து பாத்துக் குடிக்கிற மனுசன்!”

சுவருக்கு அப்பால் றீற்றா முனகினாள். அம்புறோஸ் கையில் வார். கட்டினால் மகள் போவாள்; கட்டாவிட்டால் இறகு, வேலை, கூரை எல்லாம் போகும். வாரைத் தூக்கி மூலையில் எறிந்தார். வல்லூற்றை மடியில் வைத்து, இரண்டு இறக்கையையும் மடக்கி, இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பறவை நகத்தை அவர் மணிக்கட்டில் இறக்கியது. இறக்கட்டும்.

நாலு மணிக்குத் துரை வந்தார். கூடவே கண்டியில் புடவைக்கடை வைத்திருந்த மஹ்மூத் ஹாஜியார்.

“அம்புறோஸ்! வார் எங்கே? இது என்ன வேலை?”

“அரபி தேசத்து முறை, துரை. மூன்றாம் நாள் வாரை எடுத்துப்போட்டுக் கையால பிடிக்கிறது. அப்பதான் பறவை ஆளைப் பழகும். கப்பலில ஒரு அரபிக்காரன் சொன்னவன்.”

துரையின் கண் சுருங்கியது. “ஹாஜியார், நீங்க அங்கே போன ஆள். இவன் சொல்றது உண்மையா?”

ஹாஜியார் அம்புறோஸின் மணிக்கட்டில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தார். வாசலில் அவிழ்ந்து கிடந்த துணிமூட்டைகளைப் பார்த்தார். உள்ளே எழுந்த முனகலைக் கேட்டார். தாடியைத் தடவினார்.

“ஓம் தொர. ஜித்தாவுல எறங்கின அண்டைக்கே கண்டிரிக்கேன். ஆனா ஆள் நிண்டா பறவ வெருளும். நாம வெளிய பெய்த்து நிப்போம்.”

துரை வெளியே மணிக்கூட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அரை மணி போயிற்று. அம்புறோஸுக்கு அது மன்னாரிலிருந்து ரங்கூன் போய்வந்த நேரம். பிறகு சுவருக்கு அப்பால் ஒரு புது அழுகை, கூரைத் தகரம் அதிர.

“பொம்பளப் புள்ள!” என்றாள் பேச்சியம்மா.

அம்புறோஸ் மரத்த விரல்களால் வாரை எடுத்துக் கட்டினார். துரை உள்ளே வந்து இறகை ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்தார். ஒன்றும் முறியவில்லை. “ம்” என்றார். அவ்வளவுதான்.

வாசல் படலையடியில் அம்புறோஸ் ஹாஜியாரை மறித்தார். “ஜித்தாவில உண்மையாக் கண்டனீங்களோ?”

“நீங்க அந்த அரபிக்காரனைக் கண்டீந்தா, நானும் கண்டிரிக்கேன்,” என்று சொல்லி அவர் காரில் ஏறினார்.

அதன்பிறகு மூன்று நாளைக்கு ஒரு தரம், வாரை எடுத்துவிட்டு வல்லூற்றைக் கையால் பிடித்திருக்க வேண்டும் என்பது துரையின் கட்டளையாயிற்று. எதிரே கதிரை போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். 1937இல் அவர் சீமைக்குப் போகும்வரை இது நடந்தது. அம்புறோஸ் பறவையை விட அவர் முகத்தையே அதிகம் பார்த்தார்.

“அவர் நம்பேல்லை, கத்தரீனா. நம்பிற மாதிரி நடிக்கிறார்.”

“ஆறு வருசமாவா?”

“அதுதான் எனக்குச் சந்தேகம்.”