மிளகு போட்ட சூப்பு

எங்க வீட்டுல சூப்பு வச்ச வழக்கமே கிடையாது. சூப்புன்னா, மகளுக்குப் பிறந்தநாளுன்னு ஜங்ஷன் பக்கம் ஓட்டலுக்குப் போனா, சாப்பாட்டுக்கு முன்ன ஒரு கிண்ணத்துல வழுவழுன்னு கொண்டாந்து வைப்பான் பாருங்க, அதுதான் எனக்குத் தெரிஞ்ச சூப்பு. அதையும் ஒரு வாய் குடிச்சுட்டு மககிட்டத் தள்ளி விட்ருவேன். அப்படிப்பட்டவ போன வருஷம் ஒரு நாளைக்கு ஆறு வேளை உருளைக்கிழங்கு சூப்பு வச்சேன். எல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான்.

அவருக்கு நாக்குக்கு அடியில புத்துநோய். வெத்தலையும் பொகையிலையும் அடக்கி வச்சே ஆபீஸ் வேலையெல்லாம் பாத்து ரிட்டயர் ஆன வாய் அது. அறுத்து எடுத்துட்டு, பொறவு கரண்டு வைக்க ஆரம்பிச்சாங்க. கதிர் வைக்கதத்தான் ஆஸ்பத்திரியில எல்லாரும் கரண்டுன்னு சொல்லுதாங்க. பத்து கரண்டு வச்சதும் வாய்க்குள்ள முழுக்கப் புண்ணு. நாக்குல ருசி சுத்தமாப் போச்சு. பேச்சும் போச்சு. ஏதாவது சொல்லணும்னா மகளோட பழைய நோட்டுல பென்சில வச்சு எழுதுவாரு.

டாக்டர் என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சு சொன்னாரு: "உருளைக்கிழங்க நல்லா வேக வச்சு மசிச்சு, பாலும் நெய்யும் விட்டு, சூப்பு மாதிரி தண்ணியாக் குடுங்க. காரம் ஆகாது, புளிப்பு ஆகாது. இன்னும் மூணு கிலோ எடை குறைஞ்சா மூக்கு வழியாக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் குடுக்கணும்."

குழாய்ங்கற வார்த்தை காதுல விழுந்ததும் இவரு மொகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டு. இவரோட கூடப்பிறந்த அண்ணாச்சி கடைசி நாலு மாசம் அப்படித்தான் மூக்குல குழாயோட கெடந்தாரு. பக்கத்துல இருந்து பாத்தவரு இவரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் நோட்ட எடுத்து, "என்ன வேணாலும் செய், குழாய் மட்டும் வேண்டாம்"னு எழுதி எங்கிட்ட நீட்டினாரு. கலியாணம் ஆன நாள்ல இருந்து அவரு எங்கிட்ட வேண்டாம்னு கெஞ்சின ஒரே விஷயம் அதுதான்.

இங்கன ஒரு விஷயத்த மறைக்காம சொல்லிருதேன். அவரு மேல எனக்குப் பிரியம்னு ஒண்ணு பெருசா இருந்ததில்ல. முப்பத்தொரு வருஷம், நாளைக்கு மூணு வேளை, நான் வச்ச ஒரு கொழம்பையாவது அந்த மனுஷன் நல்லாயிருக்குன்னு சொன்னது கெடையாது. முதல் வாய் எடுத்து வைப்பாரு. நான் கரண்டியும் கையுமா நிப்பேன். "ஏட்டி, உப்பு எங்க?" இல்லன்னா, "உப்பு என்ன சும்மா கெடைக்கா?" இல்லன்னா ஒண்ணுமே சொல்லாம தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. அதுதான் கொடுமை. நான் சுவத்துக்கிட்ட நின்னு அழுவேன், பொறவு அந்தச் சோத்தையே நான் சாப்பிடுவேன்.

எங்க பக்கத்து சைவ வீடுகள்ல அடுப்புல இருக்கும்போது நாக்குல வச்சுப் பாக்க மாட்டோம். சாமிக்குக் காட்டணும்லா, எச்சி பட்டுரக்கூடாது. பொறந்த வீட்டுலயும் அப்படித்தான், புகுந்த வீட்டுலயும் அப்படித்தான். கொதிக்கும்போது வருத மணத்த வச்சே உப்பு கூடவா கொறச்சலான்னு சொல்லிருவோம். சாமிக்குக் காட்டின பொறவு முதல் வாய் ஆம்பளைக்கு. ஆக, நான் சமைச்சது எப்படி இருக்குன்னு இந்த வீட்டுல முதல்ல தெரியுதது அவரு நாக்குக்குத்தான். அந்த நாக்கு என்னைய என்ன பாடு படுத்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டிய.

இருந்தாலும் மனுஷன் குழாய் வேண்டாம்னு எழுதிக் காட்டுதாரு. சும்மா இருக்க முடியுமா?

சூப்பு தெரியாட்டி என்ன, சொதி தெரியும். எங்க ஊருல கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கமே, தேங்காப்பால்ல காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு, அந்தச் சொதி. அதுல இருந்து முருங்கக்கா, பருப்பு, பச்ச மொளகா, எலுமிச்ச எல்லாத்தையும் எடுத்துட்டா மிஞ்சுதது உருளைக்கிழங்கும் பாலும்தான். சூப்பு அதுதானேன்னு எனக்குத் தோணுச்சு. சீவலப்பேரியில இருந்து என் தம்பி டவுன் பஸ்ல ஒரு சாக்குத் தேங்கா கொண்டாந்து போட்டான். கெழங்கக் குக்கர்ல வைக்காம பானையில பைய வேக வச்சேன். தோலுரிச்சு, சூட்டோடயே மத்தால மசிச்சேன். வடிகட்டியில ஒரு தடவைக்கு ரெண்டு தடவை தேச்சு எடுத்தேன், ஒரு திப்பி இருக்கக்கூடாது பாருங்க. ரெண்டாம் பால்ல அதக் கரைச்சு, கொதி வருததுக்கு முன்ன முதல் பால ஊத்தி, ஒரு கரண்டி நெய் விட்டு எறக்கினேன்.

அதோட விட்ருக்கலாம். விடலியே.

கெழங்கு வாய்வுல்லா. நடமாட்டம் கொறஞ்சு கெடக்க மனுஷனுக்கு ஆறு வேளையும் கெழங்கு குடுத்தா வயிறு ஊதிரும்னு பயம். சொதி வச்சா பக்கத்துல இஞ்சித் துவையல் வைக்காம நாங்க எலை போட மாட்டோம். அது எதுக்கு? இந்தப் பாலும் கெழங்கும் செமிக்கணுமேன்னுதான். அதனால ஒரு துண்டு இஞ்சியத் தட்டிச் சாறு எடுத்து ஊத்தினேன். பெருங்காயம் கொஞ்சம். மிளகு வறுத்துப் பொடிச்சு ரெண்டு சிட்டிகை. டாக்டர் காரம் ஆகாதுன்னு சொன்னது ஞாபகம் இல்லாம இல்ல. காரம்னா எனக்கு மொளகா வத்தல். மிளகு காரமா? மிளகு மருந்துல்லா! சளின்னா மிளகு, சொரம்னா மிளகு, பிள்ள பெத்தவளுக்கு மிளகு. அத யாராவது காரத்துல சேப்பாங்களா? மிளகு போடலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கணும்னுகூடத் தோணல. இஞ்சி போடலாமான்னு யாராவது டாக்டர்கிட்டப் போய்க் கேப்பாங்களா?

முதல் நாளு டம்ளர அவரு கையில குடுத்துட்டு, பழைய பழக்கத்துல நான் நின்னேன். ஒரு வாய் குடிச்சாரு. கண்ணு கலங்குச்சு. என்னைய ஏறிட்டுப் பாத்தாரு. சரி, தள்ளப் போறாருன்னு நெனச்சேன். தள்ளல. தலைய ஆட்டினாரு. பென்சில எடுத்து எழுதினாரு: "நல்லா இருக்கு."

ஆத்தாடி! நான் அடுக்களைக்குள்ள ஓடிட்டேன். அங்கன நின்னு சேலைத் தலைப்பால மொகத்தப் பொத்திக்கிட்டு அழுதேன், சிரிச்சேன், எனக்கே தெரியல. அம்பத்தாறு வயசுல ஒரு பொம்பள, ரெண்டு வார்த்தைக்கு இப்படி ஆலாப் பறப்பாளா? நான் பறந்தேன். ஒரு நாக்கு செத்த பொறவுதான் அதுல இருந்து நல்ல வார்த்த வருதுன்னு ஒரு கசப்பும் உள்ள இருந்துச்சு. ஆனாலும் விடல, அந்த வார்த்தைய வாங்கி மடியில கட்டிக்கிட்டேன்.

அதுக்குப் பொறவு நான் ஆளே மாறிட்டேன். விடியும் முன்ன எந்திரிச்சு தேங்கா திருவுவேன். கெழங்கு வேகும்போது வாயில ஏதாவது பாட்டு ஓடும். மாடி வீட்டு மைனி வந்து, "என்ன மைனி, புதுப்பொண்ணு மாதிரி திரியுதிய?"ன்னு கிண்டல் பண்ணினா. "சும்மா கெடங்க மைனி"ன்னு சொன்னேனே தவிர உள்ளுக்குள்ள குளுந்துச்சு. ஒவ்வொரு வேளையும் டம்ளர் காலியாத் திரும்பி வந்துச்சு. அவருக்குக் கண்ணுல தண்ணி வடியும். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இத்தன வருஷம் பண்ணின பாவத்த நெனச்சு உருகுதாருன்னு நெனச்சேன். நெனப்புதான்!

ரெண்டு வாரம் கழிச்சு எடை பாக்கக் கூப்பிட்டாங்க. ஒரு பிளாஸ்க்குல சூப்பு ஊத்தி எடுத்துக்கிட்டுத்தான் போனேன். யாராவது கேட்டாக் காட்டணுமே, எப்படி வச்சிருக்கேன் பாருங்கன்னு. மிஷின்ல ஏத்தி நிறுத்தினாங்க. மூணு இல்ல, நாலு கிலோ குறைஞ்சிருந்துச்சு.

சாப்பாடு விஷயம் பாக்குத சின்னப் பொண்ணு ஒருத்தி அங்க இருந்தா, எங்க மகள விட எளையவ. "என்னம்மா குடுக்குறீங்க?"ன்னு கேட்டா. நான் பிளாஸ்க்கத் தெறந்து குடுத்தேன். ஒரு ஸ்பூன்ல எடுத்து நாக்குல வச்சா. அவ மொகம் போன போக்கு இன்னும் என் கண்ணுல நிக்கு.

"அம்மா, இதுல என்ன போட்டீங்க?"

"உருளைக்கெழங்கு, தேங்காப்பால், நெய்."

"வேற?"

"இஞ்சிச் சாறு. மிளகு. கொஞ்சம் பெருங்காயம். வாய்வுக்கு."

"நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

"நாங்க ருசி பாக்க மாட்டோம்மா"ன்னு சொன்னேன். அவ்வளவு பெருமையாச் சொன்னேன், பாவி நான்.

அவ வேற ஒரு ஸ்பூன எடுத்துக் குடுத்து, "ஒரு வாய் குடிங்கம்மா"ன்னா. வரிசையில இருந்தவங்க எல்லாம் பாக்குதாங்க. குடிச்சேன். நல்ல வாய்தான் என்னது, ஒரு புண்ணு கெடையாது. எனக்கே தொண்டையில சுருக்குன்னு பிடிச்சுது, இருமல் வந்துட்டு. தட்டுன இஞ்சி அவ்வளவு முத்தல். புண்ணாப் போன வாய்ல இத ஆறு வேளை, ரெண்டு வாரம் ஊத்தியிருக்கேன். திரும்பி அவரப் பாத்தேன். அவரு மேல சுத்துத ஃபேனப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ஒரு வாய், ரெண்டு வாய் உள்ள போயிருக்கு. நான் அடுக்களைக்குத் திரும்பினதும் மிச்சம் வாஷ்பேசின்ல போயிருக்கு. அப்படித்தான் டம்ளர் காலியாகியிருக்கு.

அன்னைக்கே குழாய் போட்டாங்க. நான் வெளிய நின்னேன். உள்ள அவரு ஓங்கரிக்குத சத்தம் கேட்டுச்சு. ரெண்டாம் தடவைதான் குழாய் சரியாப் போச்சாம். கட்டில்ல கொண்டாந்து விட்டப்போ, மூக்குல பிளாஸ்திரி ஒட்டி, அப்படியே அவரோட அண்ணாச்சி மாதிரி இருந்தாரு. எனக்குத் தாங்கல. பக்கத்துக் கட்டில்காரங்க கேட்டா கேக்கட்டும்னு கத்திட்டேன்.

"எரியுதுன்னு ஒரு வார்த்த எழுதினா என்ன? முப்பத்தொரு வருஷமா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் வாய் கிழியக் கொற சொன்னியளே! சொல்ல வேண்டிய நேரத்துல ஏன் சொல்லல? நோட்டுதான் கையில இருந்துச்சுல்லா? பென்சிலு இருந்துச்சுல்லா?"

அவரு நோட்டக் கேட்டுக் கைய நீட்டினாரு. குடுத்தேன். எழுதி முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு.

"நீ பாடிக்கிட்டே சமைச்ச. அத நிறுத்த மனசு வரல."

படிச்சதும் நெஞ்சு எளகிச்சுன்னு சொன்னா அது பொய். எனக்குக் கோவம்தான் வந்துச்சு. சுள்ளுன்னு வந்துச்சு. பாசம்னு ஒண்ணு ஒங்களுக்குள்ள இருந்துருந்தா அதக் காட்டுததுக்கு இத்தன வருஷத்துல வேற ஒரு நாளும் கெடைக்கலியா? ஒரு கலியாண வீட்டுல, ஒரு பொங்கலன்னைக்கு, சும்மா ஒரு செவ்வாக்கெழம கத்திரிக்காக் கொழம்புக்குச் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? கொற சொல்லியே ஆக வேண்டிய ஒரே சாப்பாட்டுக்குப் போய் நல்லாயிருக்குன்னு எழுதி, நீங்களும் சீரழிஞ்சு, என்னையும் இந்தப் பழிக்கு ஆளாக்கிட்டியளே. இதையெல்லாம் அவருகிட்டச் சொல்லல. குழாயோட கெடக்க மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்ல? நோட்ட மூடி தலமாட்டுல வச்சேன்.

மூணு மாசம் அந்தக் குழாய் இருந்துச்சு. இப்ப எடுத்தாச்சு. புண்ணெல்லாம் ஆறிட்டு, ருசியும் பாதிக்கு மேல திரும்பிட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு. குழைச்ச சோறு, பருப்பு, தயிரு எல்லாம் சாப்பிடுதாரு. பேச்சும் கொஞ்சம் கொழகொழன்னு வருது. தெனமும் முதல் வாய் எடுத்து வச்சதும் என்னையப் பாத்து, "நல்லாயிருக்கு"ங்காரு. உப்பு போட மறந்த அன்னைக்கும் அதத்தான் சொன்னாரு. நேத்து பருப்பு அடிப்பிடிச்சு வீடு பூராக் காந்தல் நாத்தம், அப்பவும் அதத்தான் சொன்னாரு. இப்பல்லாம் அவரு எந்திரிச்சுப் போனதும் வாஷ்பேசினப் போய்க் குனிஞ்சு பாக்கேன்.