பின்கட்டில் ஒரு பிறந்த வீடு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், என் மருமகன் வீட்டில், என் ஒரே மகளுக்கு வளைகாப்பு. அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிடும். நல்ல காரியம் நடந்த நாளை நினைத்து யாராவது கோபப்படுவார்களா என்று கேட்பீர்கள். முழுதும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முந்தின வருஷம்தான் என் கணவர் காலமானார். முசரவாக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைத்துக்கொண்டிருந்தோம். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம், ஆளையே கொண்டுபோய்விட்டது. ஆண் இல்லாத வீட்டுக்குக் குத்தகை எதற்கு என்று நிலத்துக்காரர் நிலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நாற்று நட்டதும் களை பறித்ததும் பாதிக்கு மேல் என் கைதான் என்பது அவருக்கும் தெரியும். கணவரின் தம்பி, தன் மகனுக்குக் கல்யாணம் வருகிறது, வீட்டில் இடம் போதாது என்று என் காதில் விழுகிற மாதிரி தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கூடப் பிறந்த அண்ணன் ஐயம்பேட்டையில் வசதியாக இருந்தார். மாடும் கன்றும் பம்பு செட்டுமாக நல்ல குடித்தனம். கருமாதிக்கு வந்தவர், பந்தியில் கடைசி ஆள் எழுவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். "எங்கூட வந்து இரும்மா" என்று ஒரு வார்த்தை, வாய் வார்த்தையாகக்கூட, அவர் சொல்லவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை வந்து கூட்டிப்போனது என் சம்பந்தியம்மா, அதாவது மருமகனின் தாயார். அவரும் கணவனை இழந்தவர்தான். மகனையும் அழைத்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்று, "சட்டி பானையெல்லாம் அங்கியே இருக்குது. உங்க துணிய மட்டும் எடுத்துக்கினு கெளம்புங்க சம்மந்தி" என்றார். பெண் கொடுத்த வீட்டில் போய் எப்படி இருப்பது என்று நான் தயங்கினேன். "எம் மருமவ உங்கள நெனச்சிக்கினு சோறு துன்றதே இல்ல. அவளுக்காகவாவது வாங்க" என்றார். போனேன்.

ஐம்பது வயதுக்கு மேல் ஊர் மாறுவது லேசு இல்லை. பொழுது விடிந்தால் வயலுக்குப் போன காலுக்கு அங்கே போக இடமில்லை. தெருவெல்லாம் தறிச் சத்தம். வீட்டின் பின்கட்டில் எனக்கென்று ஒரு சின்ன அறை ஒழித்துக் கொடுத்தார்கள். மருமகன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். வாய் நிறைய "அத்தே" என்றுதான் கூப்பிடுவான். சம்பந்தியம்மா சாது என்று நினைத்துவிடாதீர்கள். குழம்புக்குப் புளி கூடிப்போனதற்காக ஒரு நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தவர். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாமியாரும் அம்மாவும் அடுப்படியில் சண்டை போட, என் மகள் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

தெருவில்தான் தொல்லை. குழாயடியில் ஒருத்தி, "இன்னும் எத்தினி நாளைக்கு மாப்ள ஊட்ல?" என்று கேட்பாள். விசேஷத்துக்குப் போனால், "பொண்ணு ஊட்டு சோறு ஒட்டுமா?" என்று இன்னொருத்தி. எனக்கு உடம்பு கூசும். மீந்தால் சாப்பிடலாம் என்று எல்லோருக்கும் பிறகு உட்கார ஆரம்பித்தேன். அதைக் கண்டுபிடித்த சம்பந்தியம்மா என் தட்டைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "நான் புள்ள சோறு துன்றேன், நீங்க பொண்ணு சோறு துன்றீங்க. பானை ஒண்ணுதான? உக்காருங்க" என்று அதட்டினார்.

நான் இன்றுவரை கேட்கும் கேள்வியும் அதுதான். இரண்டு பேரும் விதவை. இரண்டு பேரும் பெற்று வளர்த்தவர்கள். அவர் மகன் வீட்டில் இருந்தால் உரிமை, நான் மகள் வீட்டில் இருந்தால் இளக்காரமா? என் மகளை நான் என்ன, பாதி வயிற்றில் சுமந்தா பெற்றேன்?

வளைகாப்புக்கு வருகிறேன். தாய் வீட்டார் சீர் கொண்டுவந்து வளையல் போட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். எனக்கு வீடும் இல்லை, ஆண் பிள்ளையும் இல்லை. அதனால் தாய்மாமன் முறைக்கு அண்ணனை அழைத்திருந்தோம். மருமகனே போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டுவிட்டு வந்தான்.

பந்தலில் தெருவே கூடியிருந்தது. மகளை மனையில் உட்காரவைத்தாயிற்று. வளையல்காரர் வளையல் சரங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வழக்கம்போலப் பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் மட்டும் வந்திருந்தார், அண்ணி வரவில்லை. சீர்த்தட்டை மனைக்கு முன்னால் வைக்க வேண்டியவர் கையிலேயே வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எந் தங்கச்சி மாப்ள ஊட்ல ஒண்டிக்கினு கெடக்குது. நாலு பேரு எங்கிட்ட கேக்குறான், தலை நிமிர முடில. இன்னிக்கே அத எங்கூட அனுப்புங்க. அப்பதான் தட்ட வெப்பேன். இல்லன்னா இந்த ஊட்டுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல."

பந்தலில் யாரோ, "அதுவும் நாயந்தான" என்றார்கள். மனையில் இருந்த என் மகள் கண் கலங்கக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் காரியம் நின்றுவிடக் கூடாதே, போய்விடலாம் என்றுதான் தோன்றியது. துணியை எடுக்கத் திரும்பினேன்.

கதவுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றிருந்த சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அங்கேயே நின்றபடி, ரொம்பத் தணிவான குரலில் அண்ணனைக் கேட்டார்: "அண்ணி ஏண்ணா வர்ல? ஒடம்புக்கு இன்னா?"

அண்ணன் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "கெணத்தடில வழுக்கி வுழுந்து காலு ஒடிஞ்சி போச்சிமா. படுத்த படுக்கையா கெடக்குது."

"ஐயோ பாவமே. அப்ப ஊட்ல சோறாக்கறது யாரு? மாட்ட பாக்கறது?"

அண்ணன் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். வளையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கத்தான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நான் நடுத்தெருவில் நின்றபோது தூங்கிக்கொண்டிருந்த மானம், சாணி அள்ள ஆள் இல்லாதபோது எழுந்து உட்கார்ந்துவிட்டது! அண்ணிக்கு முடியவில்லை, வந்து பார்த்துக்கொள் என்று கேட்டிருந்தால் ஓடிப்போய் இரவும் பகலும் பார்த்திருப்பேன். கூடப் பிறந்தவரிடம் கேட்பது கேவலமா? ஊரைக் கூட்டி, பிள்ளைத்தாய்ச்சி முன்னால் என்னை அவமானப்படுத்தித்தான் வேலைக்கு ஆள் பிடிக்க வேண்டுமா?

"சீர எடுத்துக்கினு போங்கண்ணா" என்றார் சம்பந்தியம்மா, அதே தணிந்த குரலில். "அவங்க எங்கியும் ஒண்டிக்கினு இல்ல. இது அவங்க ஊடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாங்க சம்மந்தி. உங்க பொண்ணுக்கு மொதல் வளையல நீங்க போடுங்க."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. தாலி அறுத்தவள் வளைகாப்பில் வளையல் போடுவதா? மருமகனின் பெரியம்மா எழுந்து, "உனக்கு புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினார். சம்பந்தியம்மாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது.

"எம் புள்ள தாலி கட்றத நான் ஜன்னல் சந்துல நின்னு பாத்தவ. அப்ப எனக்கு வாய் இல்ல, நின்னேன். இந்தப் பொண்ணு பத்து மாசம் இவங்க வயித்துல இருந்துச்சே, அப்ப இல்லாத தோசம் இப்ப இன்னா தோசம்?"

என் மகள் மனையிலிருந்தே சொன்னாள். "அம்மா போடலன்னா எனக்கு வளையலே வேணாம்."

மருமகன் நேராக வந்து, "வா அத்தே" என்று என் தோளைத் தொட்டு அழைத்துப்போய் மகள் முன்னால் உட்காரவைத்தான். வளையல்காரர் கண்ணாடி வளையல்களை எடுத்து என் கையில் கொடுத்தார். அவசரத்தில் நான் அழுத்தித் தள்ளியதில் ஒரு வளையல் உடைந்துவிட்டது. கூட்டம் மூச்சை இழுத்தது. "ஒடஞ்சா இன்னாம்மா, வேற போடு. கண்ணாடின்னா ஒடையும்" என்றார் வளையல்காரர். போட்டேன். இரண்டு கையும் நிறையப் போட்டேன்.

அண்ணன் தட்டோடு வெளியேறினார். பெரியம்மாவும் அவரோடு சில பேரும் சாப்பிடாமல் போனார்கள். மிச்சமிருந்த கலவைச் சாதத்தை எதிர்வீட்டு, பக்கத்து வீட்டு நெசவாளர் குடும்பங்கள் வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டன.

வேறொன்று பாக்கியிருந்தது. வளையல் போட்டதும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமே! எந்த வீட்டுக்கு? நான் விழித்துக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மா ஆரத்தி கரைத்து என் மகளுக்குச் சுற்றினார். அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, "நல்லபடியா போய் கொழந்தையோட வாம்மா" என்று முறைப்படி விடை கொடுத்தார். பிறகு எங்கள் இருவரையும் கைப்பிடித்து முற்றத்தைத் தாண்டி நடத்திக்கொண்டு போய்ப் பின்கட்டில் என் அறை வாசலில் விட்டார். "இதான் ஒம் பொறந்த ஊடு. இங்க நீ உங்கம்மாவுக்குப் பொண்ணு, வேலை செய்யக் கூடாது. நானும் இனிமே கேட்டுக்கினுதான் உள்ள வருவேன்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிரசவம் வரைக்கும் அப்படியே நடந்தார். கதவுக்கு வெளியே நின்று, "சம்மந்தி, எம் மருமவள பாக்கலாமா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். கையில் ஏதாவது பலகாரம் இருக்கும். பெண் குழந்தை பிறந்து தீட்டுக் கழிந்ததும் மேளம் இல்லாத குறையாக மகனோடு முன்கட்டிலிருந்து வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அண்ணன் வீட்டோடு பேச்சு இல்லை. வயதாகிறது, எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிடேன் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நான் மறக்க மாட்டேன். அந்தப் பந்தலில் அவர்கள் என்னை எவ்வளவு தாழ்த்தினார்கள் என்பது ஞாபகம் இருக்கும்வரைதான், இந்த வீட்டார் என்னை எங்கிருந்து தூக்கி நிறுத்தினார்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கும்.