மொட்டைமாடி டேலியா

குவைத்தில் வீட்டுவேலை செய்த அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, வீடியோ அழைப்பில், செடிக்குச் சொட்டுநீர் விட பிளாஸ்டிக் போத்தலில் ஊசியால் துளை போட்டது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வளர்த்த டேலியாவின் கிழங்கைக் கொண்டுபோய் அங்கே மொட்டைமாடியில் நட்டிருந்தார். நீர் சொட்டியதும் சிரித்தார்.

“எஞ்சினியருக்குப் படிச்சுட்டு போத்தல்ல ஓட்டை போடுறியேடா!”

அந்த வீட்டு மேடம், பூக்களைத் தானே வளர்த்ததாக விருந்தாளிகளிடம் காட்டுவார்.

“சொல்லிக்கிட்டுப் போகட்டும். செடியப் புடுங்காம இருந்தாச் சரி” என்பார் அம்மா.

அடுத்த வாரம் அம்மா பூந்தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே மாரடைப்பில் விழுந்து இறந்தார். செய்தி சொன்ன, அம்மாவை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

“மேடம் கேக்குறாங்க தம்பி, அந்தப் பூவுக்கு எப்பெப்ப தண்ணி ஊத்தணும்?”

தினமும் என்றேன்.

நெஞ்சுவலி என்று வைத்தியரிடம் போக, முந்தைய வெள்ளிக்கிழமை அம்மா லீவு கேட்டிருந்தார். அன்று பூப் பார்க்க விருந்தாளிகள் வருவதாகச் சொல்லி மேடம் விடவில்லை. அதன் பிறகும் அம்மா வைத்தியரிடம் போகவே இல்லை.