இடிக்கிழங்கின்மேல் மஞ்சள் தாள்

தோக்கியோவின் மேற்கே, ஒகிகுபோவிலுள்ள எங்கள் அசைபடக் கூடத்தில் நுமாதா கியோ இருபத்தாறு ஆண்டுகளாக வரைந்தவை சோறும் குழம்பும் ஆவியும் மட்டுமே. எதையும் சமைத்துப் பார்த்தே வரைவார். கதையில் வரும் மாயமீனுக்காகக் கடைமீனை வாங்கிவந்து கூடத்து அடுப்பில் சுட்டு, அதன் தோல் சுருங்குவதை இமையாது நோக்குவார்.

பிறர் வரையும் உணவுக் காட்சிகளைத் திருத்துவதும் அவர் பொறுப்பே. மூலத்தின்மேல் மஞ்சள் தாளிட்டு அவர் இழுக்கும் கோடே முடிவு. அடியிலுள்ள வெள்ளைத் தாளை அதன்பின் எவரும் நோக்கார். முதன்மைப் படங்களுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரையும் நானும் அவர் பக்கத்து மேசையிலிருந்து அந்த மஞ்சளையே பின்பற்றினேன்.

இவ்வாண்டுத் தொடரின் இறுதிப் பகுதிக்கு இடிக்கிழங்கு வேண்டியிருந்தது. மின்னல் விழுந்த மண்ணில் மட்டுமே அது விளையும் என்பது கதை. தமக்கே அது வருமென நம்பிய நுமாதா, ஒரு வாரமாகச் சர்க்கரைவள்ளியை அவித்துப் பிளந்துகொண்டிருந்தார். இயக்குநரோ அதை இசோபே மிசாவிடம் அளித்துவிட்டார். இசோபே வேறு கூடத்திலிருந்து வந்து மூன்று திங்களே ஆனவர், அடுப்பருகே செல்லாதவர்.

இசோபே வரைந்த கிழங்கு பிளந்தபோது உள்ளே சிறு மின்னலொன்று நெளிந்தது. அதை நாவில் வைத்த கதைநாயகியின் புருவமயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. பார்த்தவரெல்லாம் எச்சில் விழுங்கினோம், நுமாதாவைத் தவிர.

"இசோபே-சான், எதையாவது அவிச்சுப் பாத்தீங்களா?"

"இடிக்கிழங்கு எந்தக் கடையில கெடைக்குது, நுமாதா-சான்? சொன்னா நானும் ரெண்டு கிலோ வாங்கிக்கிறேன்."

கூடமே சிரித்தது. நுமாதாவின் காதுகள் சிவந்தன.

மறுநாள் முற்பகலுக்குள் நாற்பத்தொரு தாள்களிலும் மஞ்சள் ஏறியிருந்தது. மின்னல் நீங்கி, ஆவி எழுந்தது. அவர் வாழ்நாளில் வரைந்த ஆவிகளுள் அதுவே தலைசிறந்தது.

இசோபே எட்டிப் பார்த்தார். "அழகான ஆவிதான். ஆனா இது சாதாக் கிழங்கு." சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

தாள்கட்டை என்னிடம் தருமுன், நுமாதா மஞ்சள் தாள்களை விரல்களுக்கிடையே விரைந்து புரட்டினார். கிழங்கு பிளந்தது, ஆவி எழுந்தது. பின்னர், குற்றம் ஒன்றேனும் கிடைக்காதா என்று வெள்ளைத் தாள்களையும் புரட்டினார். மின்னல் நெளிந்தது.

அவர் வயிறு உறுமியது. மூன்று மேசைகளுக்குக் கேட்டிருக்கும்.

"காலையில சாப்பிடலையா?" என்றேன்.

"சாப்பிட்டேன். கிழங்கு. ஒரு வாரமா அதான்."

பிறகு மஞ்சள் தாள்களை ஒவ்வொன்றாக உருவினார். கடைசித் தாளில் மட்டும் கை நின்றது. உண்டு முடித்த வெறுந்தட்டின்மேல் அவருடைய ஒற்றை இழை ஆவி.

"இது இருக்கட்டும், மொகி. இசோபேவுக்கு ஆவி வரைய வராது."

"மத்ததுல ஏன் மஞ்சள் இல்லைன்னு கேட்டா என்ன சொல்றது?"

அவித்து மிஞ்சிய கிழங்குகளை என் மேசையில் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மஞ்சள் தாள் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க."