பொட்டு வைத்த விக்கெட் கீப்பர்

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. ஊர்க்காரர்களின் பார்வையைச் சரிசெய்து பிழைக்கிறேன். கூட்டமில்லாத நேரத்தில் மேசை இழுப்பறையைத் திறந்து, பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்துவரும் கிரிக்கெட் அட்டைகளை எடுத்துப் பார்ப்பேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கண்ணாடி விற்கும்போது தள்ளுபடி கிடையாது.

அந்த அட்டைகள் அப்போது பபுள்கம்மோடு வந்தவை. அட்டைக்காக மென்று மென்று தாடை கழன்றுவிடும்போல வலிக்கும். மட்டையாளர், பந்து வீச்சாளர் என்று அந்த வரிசையில் வந்த எல்லாரும் என் ஆல்பத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் சௌக்கியமாக இருக்கிறார்கள். ஒரே ஒரு பைதான் காலி. அதில் இருக்க வேண்டியவர் ஒரு விக்கெட் கீப்பர். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்காக வந்து நின்றவர்போல் நிற்பார். சில ஆட்டங்கள் ஆடினார், அப்புறம் ஆளையே காணோம். பெரிய ஆட்டக்காரர்களின் அட்டையைப் பையன்கள் பத்திரப்படுத்தினார்கள். இவரை மட்டும் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி 'டர்ர்ர்' என்று சத்தம் வரவைத்தார்கள். ஊரிலிருந்த விக்கெட் கீப்பர்கள் எல்லாரும் அப்படியே தேய்ந்து போனார்கள்.

மிச்சமிருந்த ஒருவர் என் சகலையிடம் இருந்தார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். சென்னிமலையில் பெட்ஷீட் கடை வைத்திருக்கிறார். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோதுதான் அவரும் அட்டைக்காரர் என்று தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது என்னவென்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. அதிலிருந்து மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அவிநாசி வழியாகச் சென்னிமலைக்குப் போய்விடுவேன். சென்னிமலை முருகன்மேல் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று என் மனைவி வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அட்டைக்காரர்களுக்குள் அன்றெல்லாம் ஒரே ஒழுங்குதான். அட்டைக்கு அட்டை, நடுவில் டீ. விலை பேசுகிறவனை மதிக்கமாட்டோம். விக்கெட் கீப்பருக்காக நான் சகலையிடம் என்னென்னவோ நீட்டிப் பார்த்தேன். ஒருமுறை இரண்டு பெரிய மட்டையாளர்களையும் ஒரு சுழற்பந்துக்காரரையும் சேர்த்தே நீட்டினேன்.

"தர்றனுங்கண்ணா, எங்க போயிரப் போவுது?" என்று சிரிப்பார். "அடுத்த வாட்டி வாங்க, பாக்கலாம்."

அடுத்த வாட்டியும் அதேதான் சொல்வார். பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொள்வேன். அந்த மனிதருக்கு அந்த அட்டையில் என்னதான் இருக்கிறது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்புவேன்.

பிறகு சகலை ரீல்ஸ் போட ஆரம்பித்தார்.

முதலில் பெட்ஷீட்டுக்காகத்தான். ஒரு முனையை அவரும் மறுமுனையை என் கொழுந்தியாளும் பிடித்து இழுப்பார்கள், கிழியாது, அவ்வளவுதான். யார் பார்ப்பார்கள்? ஒருநாள் பெட்ஷீட்டை மடிக்கும்போது பின்னாலிருந்த அட்டை ஆல்பம் கண்ணில் பட்டுவிட்டது. பெட்ஷீட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை, அட்டையைப் பற்றி ஊரே கேட்டது. அடுத்த வாரமே கடையின் மூலையில் வட்ட விளக்கு வந்தது, போனை நிறுத்திவைக்க முக்காலி வந்தது, சகலைக்கு ஒரு புதுக் குரலும் வந்தது.

"வணக்கம் கலெக்டர்களே!" என்று ஆரம்பிப்பார்.

"எந்த ஜில்லா கலெக்டருங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

வாடிக்கையாளர் நாலு பெட்ஷீட்டைக் கலைத்துப் போட்டு ஒன்றும் வாங்காமல் போனாலும் "போயிட்டு வாங்க" என்று மெதுவாகச் சொல்கிற மனிதர் அவர். அவர் இப்போது புது அட்டைப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணை மூடி மோந்து பார்த்து, காதருகே ஆட்டி, மெல்லப் பிரித்து, உள்ளே ஏதோ மினுக்கியதும் "ஐயோ, வந்துருச்சுங்க!" என்று அலறுகிறார். முதல்முறை பார்த்தபோது மின்சாரம் தாக்கிவிட்டதோ என்று பயந்து நான் போன் பண்ணிவிட்டேன்.

அதோடு எங்கள் உலகம் தலைகீழாகிவிட்டது. என்னோடு வருடக்கணக்காக அட்டை மாற்றிவந்த ஒரு பேங்க் அதிகாரி, ஒரு வேகப்பந்து வீச்சாளரைக் கேட்டதற்கு, "இருங்க, சென்னிமலைக்காரரு ரீல்ல என்ன சொல்றாருன்னு பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்றார். எனக்குச் சுரீர் என்றது. கல்லூரிப் பிள்ளைகள் என் கடைக்கு வந்து பூதக்கண்ணாடி கேட்டார்கள். எந்தக் கண்ணில் கோளாறு என்று விசாரித்தால், அட்டையின் மூலை மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அட்டையைக் கையால் தொடக் கூடாதாம், கையுறை மாட்டிக்கொண்டுதான் தொட வேண்டுமாம். அப்புறம் அதை வெளியூருக்கு அனுப்பினால் அங்கே ஒருவர் உருப்பெருக்கியில் பார்த்து மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார். எனக்குப் பெண் பார்க்கும்போது ஜாதகத்தைக்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததில்லை. மாற்றிக்கொள்வது என்ற பேச்சே நின்றுபோனது. எல்லாரும் அடுத்தவருக்குக் காட்ட மட்டும் வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் கடையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சகலையின் புது ரீலைத் தட்டினேன். அதில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் விக்கெட் கீப்பர்.

"இந்த அட்டை உங்க ஊட்டுல இருக்குதுங்களா? நல்லாத் தேடிப் பாருங்க. கோயமுத்தூர்ல எங்க அண்ணா ஒருத்தரு வருசக்கணக்கா இதுக்காக அலையறாருங்க. இன்னும் கெடைக்கல. அப்பேர்ப்பட்ட அட்டைங்க இது!"

திறந்த டிபன் பாக்ஸை அப்படியே மூடிவிட்டேன். யாரும் சீந்தாத அட்டை அது. அதை ஒரு பைத்தியக்காரன் தேடினான், அந்தப் பைத்தியக்காரன் நான். நான் தேடியதையே காரணமாகச் சொல்லி அதை அபூர்வ அட்டையாக்கிவிட்டார் மனிதர். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரண்மேல் ஏறி விக்கெட் கீப்பரைத் தேடிக்கொண்டிருந்தது.

போன் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் கோபத்துக்கும் 'ங்க' போட்டாக வேண்டும்.

"ஏனுங்க சகலை, நீங்க பண்ணுனது கொஞ்சங்கூட நல்லால்லீங்க."

"என்னுங்கண்ணா, உங்களைப் பெருமையாத்தான சொன்னனுங்க?"

"பெருமையுமாச்சு ஒண்ணுமாச்சு. மனுசன் செய்யற வேலைங்களா இது?"

"கோவிச்சுக்காதீங்கண்ணா. ஆயுத பூஜை முடிஞ்சதும் அதை மார்க்குப் போட அனுப்பறனுங்க. பெட்டில வந்ததும் மொதல்ல உங்ககிட்டத்தான் காட்டுவனுங்க."

காட்டுவாராம். பெட்டியில் அடைத்துவிட்டால் அந்த அட்டை எந்த ஆல்பத்தின் பையிலும் நுழையாது. என் காலிப் பை காலியாகவே இருக்க வேண்டியதுதான். போனை வைத்துவிட்டு, அன்றைக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒரு நல்ல மனிதரிடம் எரிந்து விழுந்தேன்.

ஆயுத பூஜைக்குச் சென்னிமலைக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். "அட்டைக்காகச் சொந்தத்தை உடுவீங்களா?" என்று மனைவி கேட்டாள். போனோம்.

கடையைக் கழுவி விட்டு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பொரி, கடலை, சுண்டல், பழம் எல்லாம் தயார். என் கொழுந்தியாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சோறு போடுகிற ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். கத்தரிக்கோல், அளவுகோல், கல்லாப்பெட்டி, ஸ்கூட்டர், போன், முக்காலி. வட்ட விளக்குக்குச் சுற்றிலும் வைத்தாள். சகலை வெளியே பூசணிக்காய்க்குள் குங்குமம் கொட்டிக்கொண்டிருந்தார்.

தீபாராதனைக்கு எல்லாரும் உள்ளே வந்தோம். சாமி படத்துக்கு முன்னால் அளவுகோலுக்கும் போனுக்கும் நடுவில் விக்கெட் கீப்பர் சாய்ந்து நின்றார். பிளாஸ்டிக் உறை இல்லை. நெற்றி நடுவில் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் விரல் நுனி அளவு குங்குமம். ஓரமெல்லாம் மஞ்சள் கசிந்திருந்தது. வெயிலுக்குச் சுருக்கிய அந்தக் கண்ணோடு, இப்போது மனிதர் கண்ணை மூடிச் சாமி கும்பிடுவதுபோலவே இருந்தது.

சகலையின் கையில் மணி இருந்தது. அது ஆடவில்லை.

"அம்மணி," என்றார். "உறையோட வெச்சிருக்கலாமுல்ல?"

"உறைக்குப் பொட்டு வெச்சா உறைக்குத்தானுங்க சேரும்? இப்ப நம்மளுக்குப் பொழப்பே இதுதானுங்களே. அதான் நல்லாத் தொடச்சுப்போட்டு வெச்சேன்."

அவள் சொன்னதில் என்ன தப்பு? பூஜை நேரத்தில் பெண்டாட்டியைத் திட்டவும் முடியாது. சகலை மணியை ஆட்டினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பொரி பொரிந்தது. மார்க்கு போயிற்று, பெட்டி போயிற்று, இனி இந்த அட்டையை எவன் சீந்துவான், என்னைத் தவிர? அன்றைக்குச் சுண்டலை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

என் சந்தோஷம் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது. சகலை அதையும் ரீல் போட்டுவிட்டார். அலறல் இல்லை, 'வணக்கம் கலெக்டர்களே' இல்லை. பொட்டு வைத்த அட்டையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார், அவ்வளவுதான். அது போன போக்கை என்ன சொல்ல? ஆளாளுக்குத் தங்கள் அட்டைக்குப் பொட்டு வைத்துப் படம் போட்டார்கள். என் பேங்க் அதிகாரி ஒரு வெளிநாட்டுப் பந்து வீச்சாளருக்குத் திருநீறே பூசிவிட்டார். 'பூஜை போட்ட ஒரிஜினல்' எங்களுக்குத்தான் வேண்டும் என்று சகலையிடம் வரிசை கட்டி நின்றார்கள். நான் போனை இழுப்பறையில் போட்டு மூடினேன். இனி அந்த அட்டை எனக்கில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

அந்த வாரக் கடைசியில் கொழுந்தியாள் கூப்பிட்டாள். "மச்சான், ஞாயித்துக்கெழமை வந்துருங்க. சாமிக்கு வெச்சதை யாராச்சும் வெலைக்கு விப்பாங்களா? உங்களுக்குத்தான்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டேன்."

போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சகலை ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு அட்டையை வைத்து, சீர் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். வட்ட விளக்கு எரியவில்லை. அட்டையை எடுத்தேன். சந்தன வாசனை அடித்தது. இத்தனை வருடம் தேடிய முகம் என் கையில் இருந்தது. ஆனால் என் நாக்கு சும்மா இருக்காதே.

"இதை யாரும் கேக்காத காலத்துலயே குடுத்திருந்தா என்னுங்க? எதுக்கு இத்தனை நாளா இழுத்தடிச்சீங்க?"

சகலை மடித்து வைத்த பெட்ஷீட்டையே மறுபடி பிரித்து மடித்தார்.

"குடுத்துப்போட்டா அப்புறம் எதுக்குங்கண்ணா வரப்போறீங்க?" என்றார். "போன்ல ஆயிரம் பேரு பாக்கறாங்க. ஊட்டுக்கு வந்து உக்காந்து, ஒவ்வொரு அட்டையா எடுத்துப் பாத்து, கூடச் சண்டை போடறதுக்கு உங்களை உட்டா வேற ஆருங்க இருக்கறாங்க?"

வெளியே மழை வலுத்தது. நான் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். பொட்டு எப்போதோ காய்ந்து, ஓரத்தில் உதிரவே ஆரம்பித்திருந்தது. அட்டையைத் திரும்பத் தட்டிலேயே வைத்து, அவர் பக்கம் தள்ளினேன்.

"இன்னும் பொட்டுக் காயலைங்க. ஆல்பத்துல வெச்சா ஒட்டிக்கும். காஞ்சதுக்கப்புறம் வந்து வாங்கிக்கறேன்."

சகலை அட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பங்கண்ணா காயும்?"

"மழைக்காலமில்லீங்களா," என்றேன். "நாளாகுமுங்க."