மூன்று டக்கு

இலஞ்சியில் இசக்கிச்செல்வி தைத்த ரவிக்கையை உள்புறம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு நூல் தொங்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மிஷினில் உட்கார்ந்தவள். தங்கை உமாதேவி எம்.ஏ. படித்து நாவல் எழுதியிருக்கிறாள் என்பதை, அளவு கொடுக்க வரும் ஒருத்தியிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

தென்காசியில் அந்த நாவலுக்குக் கூட்டம் போட்டார்கள். முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு சிறுமி வளர்ந்து ஆளாகும் கதை அது. அவள் பள்ளிப் பாவாடையில் அக்கா மூன்று டக்குப் பிடித்துத் தைக்கிறாள். வருடத்துக்கு ஒரு மடிப்பாக அவிழ்த்து விடுகிறாள். வெளுத்த துணியில், மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் கருநீலக் கோடாக நிற்கிறது.

பேச வந்த கல்லூரி ஆசிரியர் கௌரிசங்கர் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டார்.

“நாவலின் மையக் குறியீடே இதுதான். ஒவ்வொரு கோடும் அக்கா பூட்டிய விலங்கு.”

இசக்கிச்செல்வி எழுந்துவிட்டாள். “சார், டக்குங்கது பிள்ளை வளரதுக்கு விடுத துணி. விலங்குன்னு எந்தத் தையக்காரி சொன்னா?”

“அம்மா, இது தையல் வகுப்பு இல்லை.”

கூட்டம் சிரித்தது. அவள் மேடையிலிருந்த தங்கையைப் பார்த்தாள். “ஏட்டி, நீ சொல்லு.”

உமாதேவி மைக்கைப் பார்த்தபடியே சொன்னாள்: “சார் சரியாத்தான் படிச்சிருக்காங்க.”

சாரலில் நனைந்துகொண்டே இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கேதான் வெடித்தது.

“கிளாஸ்ல கோட்டை எண்ணி எண்ணிச் சிரிப்பாளுவக்கா. நான் எம்புட்டு வளரணும்னு மூணு மடிப்புல நீயே முடிவு பண்ணிட்ட.”

“அந்தப் பாவாடைக்காவத்தாம்ட்டி நான் படிப்பையே விட்டேன்.”

“நானா விடச் சொன்னேன்? ஆயுசு பூரா அதையே சொல்லிக் காட்டுத!”

இசக்கிச்செல்வி அடுத்த பஸ்ஸில் தனியாக ஏறினாள்.

நாவலுக்குக் கிடைத்த பரிசை வாங்கும் விழாவுக்கென்று உமாதேவி முன்பே கொடுத்திருந்த ரவிக்கைத் துணி மேசையில் கிடந்தது. யாருக்குத் தைத்தாலும் பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே மடித்து விடுவது இசக்கிச்செல்வியின் வழக்கம். இந்த முறை அளந்து, கோடு போட்டு, அந்த அங்குலத்தைக் கத்தரித்துத் தள்ளினாள்.

வாங்க வந்த உமாதேவி போட்டுப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. கழற்றி உள்ளே திருப்பினாள்.

“பிரிச்சு விடத் துணியே வைக்கலியேக்கா?”

“நீதான் வளந்துட்டியே. இனிமே பத்தலைன்னா வேற தையக்காரியப் பாரு.”

இசக்கிச்செல்வி மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.