ஆளில்லாத நாற்காலியோடு வீடு தேடியவர்

வீடு பார்க்க வருகிறவர்கள் குடை கொண்டு வருவார்கள், தண்ணீர் பாட்டில் கொண்டு வருவார்கள், சிலர் மாமியாரையே கூட்டி வருவார்கள். ஆளில்லாத சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ரயிலைவிட்டு இறங்கிய ஒருவரை அந்த ஊர்த் தரகர் அன்றுதான் பார்த்தார். நோயாளி பின்னால் வருகிறாரா என்று கேட்டார். இல்லை, நாற்காலி மட்டும்தான் வந்திருக்கிறது என்று பதில் வந்தது. தரகர் தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தார். கமிஷன் வாங்குகிற தொழிலில் எல்லாரையும் அனுசரித்துத்தானே போகவேண்டும்.

வந்தவர் ஒரு அச்சகத்தில் மெஷின்காரர். அச்சகம் இந்த ஊரில் புதுக் கிளை திறக்கிறது, பெரிய மெஷினை ஓட்ட இவரை அனுப்புகிறார்கள். மனைவி அதே அச்சகத்துப் புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தபடி பிழை திருத்துகிறவள். சில வருஷங்களுக்கு முன் வந்த ஒரு நோயில் அவள் கால்கள் ஓய்ந்துபோயின. குடியிருந்ததோ மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. அவள் கீழே இறங்க வேண்டுமென்றால் இவர் தூக்க வேண்டும், தூக்குவதற்கு இவர் வீட்டில் இருக்க வேண்டும். போகப்போக அவள் இறங்குவதே ஆஸ்பத்திரிக்கும் கல்யாணங்களுக்கும் என்று ஆகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பூப்போலத் தூக்குவார். அப்படித் தூக்கிச் செல்லப்படுவதுதான் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

மாற்றல் சேதியை இவர் சொன்னதும் அவள் திருத்திக்கொண்டிருந்த தாளை மூடிவைத்தாள்.

"எனக்குப் பெரிய வீடெல்லாம் வேண்டாம். யாரையும் கூப்பிடாம நானே வெளியே போயிட்டு வர்ற மாதிரி ஒரு வீடு பாருங்க. கிடைக்கலேன்னா நான் அக்காகிட்ட இருந்துக்கறேன், நீங்க மட்டும் போங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் போய் என்ன செய்வது?

அதனால்தான் அவளுடைய பழைய நாற்காலியை ரயிலேற்றிக் கொண்டுவந்தார். காலியாகத் தள்ளினால் கணக்குத் தப்பும் என்று புதுக் கிளையில் காகிதக் கட்டுகளை வாங்கி, அவள் எடைக்கு ஈடாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினார். அப்படியே தெருத் தெருவாகத் தள்ளினார். தரகர் ஜன்னலையும் காற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் காட்ட, இவர் வாசற்படியையும் கழிப்பறைக் கதவின் அகலத்தையும் பார்த்தார். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தரகர் நாலடி பின்தங்கிக்கொள்வார். பாவம், அவருக்கும் மானம் மரியாதை உண்டே.

மத்தியானத்துக்குள் ஒரு வீடு அமைந்துவிட்டது. தரைத்தளம், படி கிடையாது, அமைதியான தெரு, முனையில் கடை. நாற்காலி வழுக்கிக்கொண்டு போயிற்று. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டு, வாசலிலிருந்து கடைவரை நாற்காலி எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

அவள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நாற்காலி போகுதா, நீங்க தள்ளுறீங்களா?"

பிழை திருத்துகிறவளைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள் என்றால் விடமாட்டாள். மெஷின்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார், கட்டுகளை வீட்டு வாசலில் இறக்கிவைத்தார், தானே நாற்காலியில் உட்கார்ந்தார். தரகர் பின்னாலிருந்து தள்ள வந்தார். தொடவேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார்.

நிற்கும்போது சமமாகத் தெரிந்த தெரு, உட்கார்ந்ததும் சாக்கடைப் பக்கம் சாய்ந்துகொண்டது. ஒரு கை இழுக்க, மறு கை பிடிக்க, கடைக்குப் போய்ச் சேருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆயிற்று. மெஷினோடு மல்லுக்கட்டுகிற கைக்கே இந்தப் பாடு. கடையில் இன்னொரு கூத்து. கடைக்காரர் இவர் தலைக்குமேலே தரகரைப் பார்த்து, "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார்.

மெஷின்காரருக்குச் சுருக்கென்றது. வாய் எனக்கு இல்லையா என்று கேட்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்தில், துணிக்கடையில் எத்தனை பேர் இதே கேள்வியை இவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவளுக்குக் காப்பி வேண்டாம், அவளுக்கு நீலம் பிடிக்காது என்று இவரும் பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. எதுவும் வாங்காமல் திரும்பினார்.

மிச்ச வீடுகளையெல்லாம் உட்கார்ந்தபடிதான் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் கடைசியாகப் பார்த்தது தரகரே காட்டத் தயங்கிய வீடு. பெரிய ரோட்டின்மேல், பக்கத்திலேயே சைக்கிள் ரிப்பேர் கடை, பொழுது விடிந்தால் டங் டங்கென்று சத்தம். சமையலறை தீப்பெட்டி அளவு. ஆனால் வாசலும் நடைபாதையும் ஒரே மட்டம், நடைபாதை கடைத்தெருவரை அகலமாக, சாயாமல் போனது. யாருடைய கையும் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தார். சைக்கிள்காரர் குனிந்து இவர் முகத்தைப் பார்த்து, சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது, அடிக்கட்டுமா என்று கேட்டார். தாழ்ப்பாளைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்கிக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்தார். போனில் மனைவி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். சத்தத்தையும் மறைக்கவில்லை. சரி, வருகிறேன் என்றாள். தரகர் அவரைவிடப் பெரிதாக மூச்சுவிட்டார்.

குடிவந்த முதல் வாரம், ஒருநாள் மெஷின்காரர் வேலைவிட்டு வந்தபோது கதவு பூட்டியிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து வேலைக்குப் போகையில் அவர் சாவி எடுத்துப் போனதே இல்லை. எப்போது வந்தாலும் உள்ளே அவள் இருப்பாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சைக்கிள்காரரிடம் ஓடினார். அக்கா அப்போதே கிளம்பிப் போனார்கள் என்றார் அவர். எங்கே? கேட்கவில்லையே.

கடைத்தெருப் பக்கம் வேகமாக நடந்தார். பாதி வழியில் நின்றார். கண்டுபிடித்தால் என்ன செய்வார்? பின்னால் போய் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார், கை தானாகப் போய்விடும். திரும்பி வந்து வாசலில் நின்றார். கோபமும் பயமும் மாறி மாறி வந்தன. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்னவாம் என்று இருந்தது.

விளக்கேற்றும் நேரத்துக்கு அவள் வந்தாள். உள்ளங்கையெல்லாம் கறுப்பு, நெற்றியில் வியர்வை, மடியில் ஒன்றுமில்லை. எதுவும் வாங்கப் போகவில்லை என்று தெரிந்தது.

"எங்க போயிருந்த?"

"சும்மாதான்."

அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள். பிறகுதான் அவரை நன்றாகப் பார்த்தாள்.

"ரொம்ப நேரமா நிக்கறீங்களா? அடப் பாவமே. நாளைக்கு உங்களுக்கும் ஒரு சாவி செஞ்சு வாங்கிட்டு வர்றேன்."